பார்ட் டைம் பிஎச்டியா, வெளிநாடா? கொஞ்சம் வழி சொல்லுங்க மக்களே

வணக்கம், நான் வியாசர்பாடி பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துல 9 வருஷமா வேலை பாக்குறேன், எம்.எட் முடிச்சிருக்கேன், வயசு 36 (சிரிக்காதீங்க). கல்விக் கொள்கை, திட்ட மதிப்பீடு இதுல பிஎச்டி பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஆசை எங்க வந்துச்சுன்னா, இல்லம் தேடி கல்வி (கொரோனாவுக்கு அப்புறம் தன்னார்வலர்கள வச்சு ஸ்கூல் நேரத்துக்குப் பிறகு பசங்களுக்கு அரசு நடத்துன வகுப்பு) பத்தி பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் டீம் பண்ண ஆய்வு படிச்சேன். கொரோனால பசங்க இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு ஸ்கூல் தொறந்து 6 மாசத்துலயே திரும்பிடுச்சு, அதுல கிட்டத்தட்ட கால் பங்கு இந்தத் திட்டத்தாலன்னு பிரிச்சுக் காட்டியிருந்தாங்க. நாங்க என்னடான்னா வருஷா வருஷம் "பசங்க முன்னேறிட்டாங்க"ன்னு ரிப்போர்ட் எழுதுறோம், நம்மாலதான் முன்னேறினாங்களா, இல்ல சும்மாவே முன்னேறியிருப்பாங்களான்னு யாரும் கேக்கறதே இல்ல!

இங்க ஒரு பேராசிரியர்கிட்ட கேட்டா "ஆசிரியர் மனப்பான்மை பத்தி கேள்வித்தாள் குடுத்து முடிச்சிடும்மா"ங்கிறார். எனக்கு அது வேணாம்.

யுஜிசி 2022 விதிப்படி பார்ட் டைம் பண்ணலாம், ஆபீஸ்ல என்ஓசி (தடையில்லாச் சான்று) வேணும், அது கிடைச்சிடும். வெளிநாடுன்னா, ஹார்வர்டுல பிஎச்டில "கல்விக் கொள்கை, திட்ட மதிப்பீடு"ன்னு இதே பேர்லயே ஒரு பிரிவு இருக்கு, ஆனா பொண்ணு மூணாவது படிக்கிறா, அவ்ளோ தூரம் யோசிக்கவே பயமா இருக்கு.

சென்னைலயே எகனாமெட்ரிக்ஸ் (எது எதனால நடந்துச்சுன்னு புள்ளிவிவரத்த வச்சுப் பிரிச்சுப் பாக்குற முறை) தெரிஞ்ச கைடு யாராவது எஜுகேஷன்ல எடுக்குறாங்களா? இல்ல எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட்ல எம்.எட் காரங்கள சேர்ப்பாங்களா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எனக்கு டி டெஸ்ட் (ரெண்டு குழுவோட சராசரிய ஒப்பிடுறது) வரைக்கும்தான், ஆர் (R) ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் கத்துக்க எங்க ஆரம்பிக்கலாம்? வேலையோட பண்ணி முடிச்ச அக்கா அண்ணா யாராவது இருந்தா ப்ளீஸ் கமெண்ட்ல சொல்லுங்க, நானே மெசேஜ் பண்றேன்.