முகம் தெரியாதவரிடம் வீட்டுக் கதை சொல்லலாமா?

கறார்பேர்வழி:
கருத்துப் பரிமாறுவதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. உடற்பயிற்சி காலையில் நல்லதா மாலையில் நல்லதா, குழந்தைக்கு எந்த வயதில் ஃபோன் தரலாம், தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது, எல்லாம் தாராளமாகப் பேசுவோம். என் தகராறு வீட்டுக் கதைகளோடுதான். 'என் கணவர் நேற்று இப்படிப் பேசினார், யார் பக்கம் நியாயம்?' என்று ஒருவர் இதுபோன்ற இணைய மன்றத்தில் நாலு பத்தி எழுதுகிறார். கொஞ்ச நேரத்தில் யாரென்றே தெரியாத ஒரு கூட்டம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. 'உடனே விவாகரத்து வாங்குங்கள்' என்கிறார் ஒருவர். அவருக்கு அந்தக் கணவர் குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியாது. எதிர்த்தரப்பை விசாரிக்காமல் என்ன தீர்ப்பு? அதைவிட மோசம், தன்மீது வழக்கு நடப்பதே அந்த எதிர்த்தரப்புக்குத் தெரியாது. ஆகவே என் கட்சி இது: அபிப்பிராயம் சொல்லுங்கள். அடுத்தவர் தலை உருளுகிற சொந்தக் கதை வேண்டாம்.

மூன்றாம்பெஞ்ச்:
அடுத்தவர் இல்லாத சொந்தக் கதை ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். பல்வலிக் கதையில்கூட டாக்டர் வருகிறார்.

இரவுப்பணி:
கறார் சார், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்தது ஒரு வகைக் கதையை மட்டும்தான். என் அப்பாவுக்கு ஞாபக மறதி நோய். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். 'இப்பதானே சொன்னேன்' என்று நான் கத்துவேன், அவர் முகம் சுருங்கிப்போகும். இதை யாரிடம் சொல்ல? சொந்தக்காரர்களிடம் சொன்னால் மறுநாள் அது குடும்பச் செய்தி. 'பெத்த அப்பனையே கத்துறா' என்று ஒரு பட்டமும் கூடவே வரும். முன்பின் தெரியாதவர்களிடம்தான் சொன்னேன். ஒரு பெண் எழுதினார்: 'அவருக்கு அது முதல் தடவைதான். முன்பே கேட்டதை ஞாபகப்படுத்தப் பார்க்காதீர்கள். புதிதாகக் கேட்டது போலப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள்.' அன்றிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்தது. அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றி எழுதியிராவிட்டால் அவர் எனக்குக் கிடைத்தே இருக்க மாட்டார்.

கியோர்க் ஸிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1908இல் அந்நியரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நெருங்கியவர்களிடம் பத்திரமாக மறைத்துவைப்பதை மனிதர்கள் வெளியாளிடம் கொட்டிவிடுகிறார்கள் என்று அதிலேயே சொல்லிவிட்டார். காரணம் எளிது. வெளியாள் நாளைக்கு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரப் போவதில்லை.

கறார்பேர்வழி:
ஸிம்மலை நானும் படித்திருக்கிறேன். அவர் சொன்ன அந்நியர், பயணம் வந்த வியாபாரியைப் போன்றவர். இன்று இருக்கிறார், என்றைக்கு வேண்டுமானாலும் மூட்டை கட்டலாம். இங்கே ஆள்தான் போகிறார், நீங்கள் சொன்னது போவதில்லை.

யூஸ்நெட் என்ற பழைய கலந்துரையாடல் வலை 1980இல் ஓடத் தொடங்கியது. எழுதியவை கொஞ்ச நாளில் அழிந்துவிடும் என்று நினைத்துப் பலர் சொந்தப் பெயரிலேயே மனதில் பட்டதை எழுதினார்கள். 1995இல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் அதையெல்லாம் சேர்த்து, தேடிப் பார்க்கும்படி வைத்தது. 2001இல் கூகுள் அதை வாங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 1981இலிருந்து எழுதப்பட்ட பழைய பதிவுகளையும் தேடலில் சேர்த்துவிட்டது. மாணவராக இருந்தபோது உளறியது, பேரன் எடுக்கும் வயதில் முன்னால் வந்து நிற்கிறது. உங்கள் அப்பாவின் மறதி அவர் மறைந்த பிறகும் யாரோ ஒருவரின் திரையில் இருக்கும். சம்மதமா?

கணக்குப்பிள்ளை:
புனைபெயர் இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், புனைபெயரை நம்ப வேண்டாம். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேர் மூன்று மாதம் தேடிய சொற்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. தேடிய விஷயங்கள்தான் காட்டிக்கொடுத்தன.

ஆபத்து பெயரில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. வயதை மட்டும் சொன்னால் ஒன்றுமில்லை. வயது, வேலை, ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன நோய் என்று ஐந்தையும் ஒரே பதிவில் போட்டால், உங்களைத் தெரிந்தவருக்கு அது உங்கள் புகைப்படம். கதைக்குத் தேவையில்லாத விவரத்தை மாற்றிவிடுங்கள். அண்ணனைத் தம்பியாக்குங்கள், சம்பவத்தை ஒரு வருடம் முன்னால் தள்ளுங்கள். அது பொய்யாகாது. இந்த விஷயத்தில் நான் இரண்டு கட்சியிலும் இல்லை, பூட்டு போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாம்பெஞ்ச்:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். 2014இல் எப்லி, ஷ்ரோடர் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு வெளிவந்தது. சிகாகோவில் வேலைக்கு ரயிலில் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசுவது கஷ்டமாகத்தான் இருக்கும் என்பது மக்களின் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. அந்நியரிடம் பேசுவதைப் பற்றி நாம் போடும் கணக்கே தப்பு.

கறார்பேர்வழி:
ரயிலில் எதிரே ஒரு முகம் இருக்கிறது தம்பி. அவர் புருவம் சுருங்கினால் நீங்கள் நிறுத்திக்கொள்வீர்கள். திரையில் எந்தப் புருவமும் இல்லை. நேரில் சொல்லத் தயங்குவதைத் திரைக்குப் பின்னாலிருந்து கட்டவிழ்த்துவிடும் இந்தப் பழக்கத்தை ஜான் சுலர் என்ற உளவியலாளர் 2004இலேயே விவரித்துவிட்டார். அதில் அன்பும் அவிழும், வசையும் அவிழும் என்பது அவர் கணிப்பு.

மனப்பாரம் இறங்க வேண்டுமென்றால் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பென்னிபேக்கரும் பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் மோசமான அனுபவங்களைத் தொடர்ந்து சில நாட்கள் எழுதினார்கள். சம்பவத்தோடு மன உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஊருக்குக் காட்டுவதற்காக யாரும் எழுதவில்லை.

இரவுப்பணி:
நோட்டுப் புத்தகம் பதில் சொல்லாதே சார். எனக்குப் பாரம் இறங்கினால் மட்டும் போதாது, அப்பா நாளைக்கும் கேள்வி கேட்பார்.

ஓரத்துநாற்காலி:
நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். கதை சொன்னவள் நான் இல்லை, கதையில் வந்தவள்.

என் தங்கை எழுதியிருந்தாள். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. 'அம்மாவை நான் மட்டுமே பார்த்துக்கொள்கிறேன், அக்கா பணம் மட்டும் அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறாள்' என்று தொடங்கிய பதிவு. தோழி ஒருத்தி 'இது உன் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது' என்று எனக்கு அனுப்பினாள். இரண்டாவது பத்தியிலேயே எங்கள் வீட்டு அலமாரி வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் பொய் ஒன்றுமில்லை. நான் பணம்தான் அனுப்பினேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பழைய விஷயம். தங்கைக்கு அது தெரியாது. தெரியாததை அவள் எப்படி எழுதுவாள்? கீழே என்னைச் 'சுயநலப் பிசாசு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், இப்படிப்பட்ட அக்காவுக்குச் சொத்தில் பங்கே தரக்கூடாது என்று சட்டம் பேசினார். நானும் ஒரு கணக்குத் தொடங்கி என் பக்கத்தை எழுதலாமா என்று விரல் துடித்தது. எழுதினால் அம்மாவின் கதையை நான் திறக்க வேண்டும். எழுதவில்லை.

கறார் சார் சொல்வது போல எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தங்கைக்கு நிஜமாகவே முடியவில்லை, அவள் எங்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். 'எனக்கு முடியவில்லை, தூக்கமில்லை, உதவிக்கு ஆள் வைப்பது எப்படி?' என்று கேட்டிருந்தால் நானே கீழே பதில் எழுதியிருப்பேன். அவள் கேட்டது 'அக்கா கெட்டவளா?' என்று. உதவி கேட்பதும் தீர்ப்பு கேட்பதும் ஒன்றல்ல.

கறார்பேர்வழி:
இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். நன்றி அம்மா.

இரவுப்பணி:
முழுசாக உங்கள் கட்சிக்கு இழுத்துக்கொள்ளாதீர்கள் சார், அவர் உதவி கேட்கலாம் என்றும் சொல்கிறார். அப்பா விஷயத்தில் சில சம்பவங்களை நான் எழுதவே இல்லை. அவர் தெளிவாக இருந்த காலத்தில் எதற்கு வெட்கப்பட்டிருப்பாரோ அதை விட்டுவிட்டேன்.

கறார்பேர்வழி:
எதற்கு வெட்கப்பட்டிருப்பார் என்று முடிவு செய்தது யார்? நீங்கள்தானே?

இரவுப்பணி:
நான்தான். அவருக்கு மருந்து கொடுப்பதும், எந்தச் சட்டை போடுவது என்று முடிவு செய்வதும் நான்தான். இதையும் நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கேட்கிறவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு அனுபவத்தைப் படித்ததும் அது உலக நியதியாகிவிடுகிறது. 'எங்கள் தாத்தா கடைசிவரை சுருட்டு பிடித்தார், தொண்ணூறு தாண்டினார்' என்று எழுத எப்போதும் ஒரு பேரன் இருப்பான். ஐம்பதில் போன தாத்தாவின் கதையை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய ஆய்வு அரை நூற்றாண்டு ஓடியது. 2004இல் வந்த முடிவுப்படி, வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். விசித்திரமானதுதான் கதையாகிறது, சாதாரணம் புள்ளிவிவரத்தில் கிடக்கிறது.

மூன்றாம்பெஞ்ச்:
அந்தப் புள்ளிவிவரமும் தனித்தனி ஆட்கள் சொன்னதிலிருந்து வந்ததுதானே அண்ணா? தாலிடமைடு மாத்திரை கருவில் இருக்கும் குழந்தைகளைப் பாதிக்கிறது என்ற சந்தேகத்தை, மெக்பிரைட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1961 டிசம்பரில் லான்செட் இதழுக்கு எழுதிய ஒரு குட்டிக் கடிதம் எழுப்பியது. தான் பார்த்த பிரசவங்களை வைத்துத்தான் எழுதினார். 'ஒருவர் அனுபவம் ஆதாரமாகாது' என்று தூக்கிப் போட்டிருந்தால்?

கணக்குப்பிள்ளை:
சந்தேகத்தை எழுப்ப ஒரு அனுபவம் போதும், முடிவு கட்டத்தான் போதாது. அதோடு அவர் 'வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா?' என்று கேட்டார். நம் ஆட்கள் கேட்பதில்லை, நேராக மருந்தை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள்.

இரவுப்பணி:
சரி, நானும் அப்படியே கேட்கிறேன். கறார் சார் கண்ணை மூடிக்கொள்ளலாம். அப்பா இப்போது குளிக்க மறுக்கிறார். தண்ணீர் என்றாலே பயம், தள்ளிவிடுகிறார். யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

ஓரத்துநாற்காலி:
அம்மாவுக்கும் மறதி நோய்தான். அவள் கடைசிக் காலத்தில் நான் போய் இருந்தேன். அப்போது பழகியதைச் சொல்கிறேன். 'குளிங்க' என்று சொல்லாதீர்கள். முன்பு எந்த நேரத்தில் குளிப்பாரோ அதே நேரத்தில், தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி எல்லாம் தயாராக வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அறை குளிர்ச்சியாக இருக்கக் கூடாது. தலையில் ஊற்றாதீர்கள், ஷவர் வேண்டவே வேண்டாம். ஒரு பெரிய துண்டைத் தோளில் போர்த்திவிட்டு, காலிலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே வாருங்கள். சோப்பை அவர் கையிலேயே கொடுங்கள். தினமும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், நடுவில் ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும். இந்தப் பயம் திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? திடீரென்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், எங்காவது வலி இருக்கலாம்.

இரவுப்பணி:
கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆனால் இடது தோளைத் தொட்டால் மட்டும் அதிகமாகக் கத்துகிறார், இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. நாளைக்கே காட்டிவிடுகிறேன்.