எட்டுச் சனல் பிரீஆம்ப்: சிப்பை மாற்ற முதல் வெக்கையைப் பாருங்கள்

இணுவில்

வீணையின் மந்தரம் காணாமல் போன நாளிலிருந்து தொடங்குகிறேன்.

வீட்டுப் பின்னறையில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் மேளக்காரருக்குக் குறைவில்லை. பதிவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தவில், நாதஸ்வரம்; மிச்சம் பண்ணிசை, வாய்ப்பாட்டு, வீணை படிக்கும் பிள்ளைகள். எட்டு மைக்கையும் ஒரே நேரத்தில் கொம்பியூட்டருக்கு அனுப்ப மலிவான எட்டுச் சனல் பிரீஆம்ப் ஒன்று இருக்கிறது. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி அது. பாவித்த பெட்டியாக வாங்கியது.

அதன் ஐந்தாவது சனலில் தவிலை வைத்தால் தொப்பி, வலந்தலை என்ற இரண்டு முகங்களும் வடிவாக விழும். அதே சனலில் வீணையை வைத்துக் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, ஏற்றினால் மந்தரத் தந்தி மெலிந்து, தகரத்தில் தட்டினதுபோல வந்தது. மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. நாலாவது சனலுக்குப் போனால் வீணை முழுதாகக் கேட்டது. அன்றைக்குப் பதிவுக்கு வந்த பிள்ளை இரண்டு மணித்தியாலம் பொறுமையாக இருந்து திரும்பத் திரும்ப வாசித்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஒரு மாதிரி இருக்கிறது.

தவிலுக்குக் கெயினை அடியில் வைத்திருந்தேன், வீணைக்கு மேலே ஏற்றியிருந்தேன். கெயின் ஏற ஏறத்தான் குறை வருகிறது என்று விளங்கியதும் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் கெயின் குமிழோடு தொடராக ஒரு பெரிய மின்பகு கப்பாசிற்றர் (மின்னேற்றத்தைச் சேமிக்கும், உள்ளே திரவம் உள்ள பாகம்) இருக்கும். குமிழை முழுக்கத் திருப்பும்போது அந்தப் பாதையில் மிஞ்சும் தடை 10 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கப்பாசிற்றர் 1000 மைக்ரோஃபரட் என்றால் 16 ஹேட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையத் தொடங்கும். காது அதைக் கவனிக்காது. அந்தத் திரவம் காய்ந்து கப்பாசிற்றர் 100க்கு விழுந்தால் அந்த எல்லை 160 ஹேட்ஸுக்கு ஏறிவிடும். வீணையின் கீழ்ப்பகுதி அங்கேதான் இருக்கிறது. கெயின் குறைவாக இருக்கும்போது தடை பெரிது, அதனால் காய்ந்த கப்பாசிற்றரும் போதுமானதாகத் தெரியும். தவில் தப்பியது அதனால்தான்.

கழற்றி அளந்தேன். மேலே 1000 என்று எழுதியிருந்தது 100ஐக்கூடத் தொடவில்லை. மற்ற ஏழும் ஒவ்வொன்று ஒவ்வொரு அளவில் இருந்தன. ஆகக் கெட்டது எது என்று பார்த்தால், மின்வழங்கிக்குப் பக்கத்தில் இருந்ததுதான். வெக்கை!

மின்பகு கப்பாசிற்றருக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, வெப்பநிலை 10 பாகை ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது. 105 பாகையில் 2000 மணித்தியாலம் என்று போட்டிருப்பது 75 பாகையில் ஏறத்தாழ 16,000 மணித்தியாலம் உழைக்கும். 85 பாகைச் சரக்கைப் போட்டு, காற்றே போகாத பெட்டிக்குள் அடைத்து, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் அது எத்தனை வருடம் தாங்கும்? எட்டையும் 105 பாகைக்கு மாற்றினேன். ராக்கில் பெட்டிக்கு மேலே ஒரு தட்டளவு இடம் வெறுமையாக விட்டேன். வீணை திரும்பி வந்தது.

சரி, சிப் கதை. பெட்டியைத் திறக்கிற பலர் முதலில் செய்வது, இரைச்சல் குறையும் என்று நம்பி, உள்ளே இருக்கும் ஓப் ஆம்புகளை (சிக்னலைப் பெருக்கும் சிப்புகளை) கழற்றிவிட்டு 5532 என்ற சிப்பைப் போடுவது. உயர்தரப் பௌதிகத்தில் செயற்பாட்டு விரியலாக்கி என்று படித்தோமே, அதேதான். கால் அமைப்பு ஒன்றாக இருப்பதால் 4558 என்ற பழைய சிப் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். நானும் இரண்டு சனலில் செய்து பார்த்தேன். இரைச்சலில் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 150 ஓம் மைக் ஒன்றின் வெப்ப இரைச்சலே ஏறத்தாழ −131 டிபியு (dBu என்ற சிக்னல் அளவு; எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு). அதற்குக் கீழே எந்தப் பிரீஆம்பும் இறங்கித் தர முடியாது. மலிவுப் பெட்டிகளே −125, −127 என்ற அளவுக்கு வந்துவிடுகின்றன. மிச்சம் இருக்கிற நாலைந்து டெசிபெலுக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும். அதிலும் பெரும்பங்கைத் தீர்மானிப்பது நுழைவாயிலில் இருக்கும் சோடி ரான்சிஸ்டர்கள். பின்னால் இருக்கும் சிப்புக்கு அதில் பெரிய பங்கில்லை.

அதைவிட ஒரு கெடுதலும் உண்டு. 5532 ஒன்று வழக்கமாக 8 மில்லியம்பியர் அளவு குடிக்கும். பழைய சிப் 3 அளவுதான். 16 சிப்பை மாற்றினால் 80 மில்லியம்பியர் கூடும். வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும், ஏற்கெனவே கை வைக்க முடியாமல் கொதிக்கும் ரெகுலேற்றருக்கு இன்னும் சுமை. எந்த வெக்கை கப்பாசிற்றரைக் காய வைத்ததோ அதையே நாங்கள் காசு கொடுத்துக் கூட்டுகிறோம். இதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பருத்தித்துறை

அண்ணை, ரெகுலேற்றர் என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயில் ஒலியமைப்புக்கு இதே மாதிரி ஒரு பெட்டி வைத்திருந்தேன். 15 வோல்ற் வழங்கி கொதித்துச் செத்தது. நேர் 15 வோல்ற் தரும் 7815, மறை 15 வோல்ற் தரும் 7915 என்ற இரண்டு ரெகுலேற்றரையும் வாங்கிப் பூட்டினேன். ஃபியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது.

7815இல் உலோக முதுகு பூமியோடு சேர்ந்தது. 7915இல் அப்படி இல்லை. முதுகு உள்ளே வரும் மறை வோல்ற்றோடு இணைந்திருக்கும். நான் மின் கடத்தாத பழைய மைக்கா தகட்டைக் குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டு நேரே பெட்டியின் உலோகத்தில் திருகிவிட்டேன். கால்களின் வரிசையும் இரண்டுக்கும் வேறு: 7815க்கு உள்ளே, பூமி, வெளியே, 7915க்குப் பூமி, உள்ளே, வெளியே.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைத் திருத்தினாலும் 60 வாற் பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் முதல் தடவை கரன்ற் கொடுக்கிறேன். உள்ளே ஷோட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், பெட்டி தப்பும். குண்டு பல்ப் கண்டால் ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள்.

சாவகச்சேரி

தம்பிமார், நான் வயதில் மூத்தவன். 1990க்குப் பிறகு குடாநாட்டில் கரன்ற் இல்லாத வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்களில் நானும் ஒருவன். போர்க்காலம், பற்றரி கொண்டுவரத் தடை. டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏசி). நாலு டயோட்டும் ஒரு பெரிய கொண்டென்சரும் (நீங்கள் சொல்லும் கப்பாசிற்றர்தான்) போட்டால்தான் செய்தி விளங்கும். கொண்டென்சர் சின்னதென்றால் செய்தி வாசிப்பவரின் குரலோடு உறுமலும் வரும். வழங்கியின் உறுமல் எப்படி இருக்கும் என்பதை என் காது அங்கேதான் படித்தது.

உங்கள் பெட்டிகளிலும் அதே கதைதான். போன திருவெம்பாவைக்கு ஒரு பிள்ளை இப்படியொரு பிரீஆம்பைக் கொண்டு வந்தான். வீட்டில் அமைதி, கோயிலில் உறுமல். கோயிலில் மீற்றரை வைத்துப் பார்த்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 கூட இல்லை. 7815க்கு வெளியே 15 வேண்டுமென்றால் உள்ளே எப்போதும் 17க்கு மேல் இருக்க வேண்டும். பிரதான கொண்டென்சர் காய்ந்திருந்தால் அலையின் பள்ளம் அதற்குக் கீழே இறங்கிவிடும். வெளியில் கரன்ற் குறைந்தால் இன்னும் இறங்கும். வீட்டில் மயிரிழையில் தப்பியது கோயிலில் பிடிபட்டது.

உறுமலைக் காதால் பிரித்துப் பாருங்கள். வழங்கி நோய் என்றால் 100 ஹேட்ஸ், ஏனென்றால் டயோட் பாலம் 50ஐ இரட்டிப்பாக்குகிறது. பெட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியால் பூமியோடு சேர்ந்து அந்த இணைப்பில் வட்டம் விழுந்தால் பெரும்பாலும் 50, அடித்தொண்டை ஒலி. 50 கேட்டால் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உறுமல் நிற்கிறது என்று பிளக்கின் பூமிக் காலை வெட்டாதீர்கள். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கிற ஓதுவாரை நினையுங்கள். வட்டத்தை உடைக்க வேண்டுமென்றால் ஒலிக் கேபிளின் வழியில் ரான்ஸ்போமர் போட்டு உடையுங்கள்.

கோப்பாய்

எனக்குப் பழுதானது மூன்றாவது சனல். வேலை செய்கிறது, ஆனால் பொரியல் சட்டிபோலச் சரசரப்பு. எங்கள் பெட்டியில், கேபிள் வழியாகவே மைக்குக்கு மின் கொடுக்கும் 48 வோல்ற் ஃபான்ரம் பவருக்கு எட்டுச் சனலுக்கும் சேர்த்து ஒரே சுவிச்தான். ஒரு நிகழ்ச்சியில் அது போட்டிருந்தபடியே யாரோ கீபோர்ட்டை அந்தச் சனலில் செருகிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தச் சத்தம். ஐயா, இணுவில் அண்ணை, இது திருந்துமா?

இணுவில்

திருந்தும். 48 வோல்ற்றில் ஏறியிருந்த நுழைவுக் கப்பாசிற்றர்கள் ஒரே கணத்தில் வெறுமையாகும்போது அந்த அடி நுழைவாயிலில் உள்ள சோடி ரான்சிஸ்டருக்குத்தான் போகும். அதன் பேஸ், எமிற்றர் என்ற இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள சந்தி ஒருதடவை தலைகீழாக உடைந்தாலே போதும். பிறகு சிக்னலைப் பெருக்கும், ஆனால் இரைச்சலோடு பெருக்கும். இரண்டையும் சோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். பாதுகாப்பு டயோட்டுகளையும் மீற்றரில் பாருங்கள்.

கழற்றுவதற்கு முதல் வெளியிலிருந்தே ஒன்று செய்யலாம். மைக் எதுவும் செருகாமல் ஃபான்ரத்தைப் போட்டு, எக்ஸ்எல்ஆர் சொக்கற்றில் (மூன்று கால் மைக் சொக்கற்) 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையில் வோல்ற்றை அளவுங்கள், பிறகு 1க்கும் 3க்கும். இரண்டும் 44க்கும் 52க்கும் இடையில், ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். அடுத்து மீற்றரை மில்லியம்பியருக்கு மாற்றி அதே கால்களில் வைத்தால் ஒவ்வொன்றும் 7 காட்ட வேண்டும். 6.8 கிலோ ஓம் தடை வழியாக 48 வோல்ற் அவ்வளவுதான் தரும். ஒரு பக்கம் 7, மறுபக்கம் 5 என்றால் தடையும் போயிருக்கிறது. அதையும் சோடியாகப் போடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 27 ஓமுக்கு மேல் போகக் கூடாது. ரவுணில் ஒரு சதவீதத் தடை பத்து வாங்கி, மீற்றரில் அளந்து, ஆகக் கிட்டின இரண்டை எடுத்தால் காணும்.

ஞாயிறு பின்னேரம் வீட்டில் நிற்பேன். பெட்டியைக் கொண்டு வாருங்கள் தம்பி, திருகுகளை ஒரு போத்தல் மூடியில் போட்டுப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.