புதுப்பிப்பு: ஒரு ஏக்கரில் மல்லிகைக்கு எவ்வளவு இடம்?

நிலக்கோட்டை அருகே எங்களுக்குள்ள ஒரு ஏக்கர் முழுவதிலும் குண்டுமல்லி நடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பறிக்க எத்தனை ஆள் கிடைக்கும் என்பதைப் பார்த்துப் பரப்பை முடிவு செய்யுங்கள் என்று பலரும் சொன்னீர்கள். அந்த அறிவுரைதான் எங்கள் திட்டத்தைத் தீர்மானித்தது.

செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர் என்ற பரிந்துரைப்படி ஏக்கருக்கு ஏறத்தாழ 2,590 செடிகள் பிடிக்கும். ஆனால் மொட்டு விரியாத பதத்தில், விடியற்காலையிலேயே, அத்தனை செடிகளிலும் பூப் பறித்து முடித்தாக வேண்டும். கோடையில் பூ வரத்து உச்சத்தில் இருக்கும்போது, வீட்டாரோடு பக்கத்துத் தெருப் பெண்கள் சேர்ந்தாலும் அரை ஏக்கருக்கு மேல் சமாளிக்க முடியாது. ஆகவே கிணற்றை ஒட்டிய, தண்ணீர் தேங்காத செம்மண் பகுதியில் அரை ஏக்கரில் மட்டும் ராமேஸ்வரம் அருகேயுள்ள தங்கச்சிமடத்துப் பதியன்களை (வேர்விட்ட கன்றுகளை) நட்டிருக்கிறோம்.

நான்கு வரிசைக்கு ஒருமுறை, கூடையோடு ஒருவர் தாராளமாக நடக்கும் அகலத்தில் பாதை விட்டதால் செடிகள் சற்றுக் குறைந்தன. அந்த இழப்பு தகும் என்றே கருதுகிறேன். நவம்பர் இறுதியில் கவாத்து செய்யும்போது வெட்டும் கிளைகளை வெளியே இழுக்கவும் அந்தப் பாதையே வழி. பூவை எடைபோடச் சிறு கொட்டகைக்கும் வரப்போரம் இடம் ஒதுக்கியாயிற்று. மீதி அரை ஏக்கரில் இப்போதைக்கு உளுந்து. செடிகள் முழு விளைச்சலுக்கு வந்தபின் ஆள் நிலவரம் பார்த்து விரிவாக்குவோம்.