புதுப்பிப்பு: பெரியப்பாவும் என்விடிஏவும்

பார்வை போன பெரியப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தர எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி. பலரும் சொன்னபடி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருளான என்விடிஏவையே போட்டோம். முதல் பாடம் கன்ட்ரோல் விசை, அதைத் தட்டினால் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்ததும்தான் அவருக்குப் பதற்றமே குறைந்தது. அப்புறம் இன்செர்ட்டோடு 1-ஐ அழுத்திவிட்டால் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லுமே தவிர எதையும் செய்யாது (மறுபடி அதையே அழுத்தினால் பழைய நிலை), அதில்தான் விசைப்பலகையைத் தடவித் தடவிப் பழகினார். இப்போது செய்தித்தளங்களில் எச் விசையால் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறார், என்னைவிட வேகம். அதில் எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல்தான் பிடிக்கவில்லை, "ரோபோ மாதிரி பேசுறான்டா" என்கிறார். சரி, அடுத்து எக்செல் வேண்டுமாம், சீட்டுக் கணக்கு எழுத. யாராவது கற்றுத்தந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.