மூன்றாம் காலத்தில் முந்திய கை: மிருதங்கப் பாடத்தில் மனத்தில் தங்கிவிட்ட ஒரு கணம்

காவிரிக்கரை எழுதியது:

34 வயதில்தான் நான் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தேன். 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு மாலைப்பொழுது மட்டும் இன்னும் என்னை விடவில்லை. த தி தொம் நம் என்ற நான்கு சொல் பாடத்தை, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் மூன்று காலமும் (ஒவ்வொரு காலமும் முந்தியதைப்போல் இரு மடங்கு வேகம்) வாசிக்கச் சொன்னார் ஆசிரியர். முதற்காலத்தில் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 2 முறை, இரண்டாங்காலத்தில் 4 முறை என்று இரண்டுமே சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) வந்து சேர்ந்தன. மூன்றாங்காலத்தில் 8 முறையும் வாசித்துக் கையை எடுத்தபோது, ஆசிரியரின் கை தொடையின் மேல் இரண்டாவது துருதத்தின் (ஒரு தட்டும் ஒரு வீச்சுமான கடைசி இரண்டு எண்ணிக்கையின்) தட்டில்தான் இருந்தது. அவர் அவசரப்படவில்லை. உள்ளங்கையைத் திருப்பி வீச்சையும் போட்டு, அடுத்த சமத்துக்கு வந்த பிறகே பேசினார்: "நீங்க வந்துட்டீங்க தம்பி, தாளம் இன்னும் வரலை." குரலில் கடுமையே இல்லை. ஆனாலும் அந்த வீச்சு முடியும்வரை கை கட்டி உட்கார்ந்திருந்த நேரம் எனக்கு மிக நீண்டதாக இருந்தது. அடுத்த மாதம் வேலையைக் காரணம் காட்டி வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வேலை உண்மையான காரணம் அல்ல.

கொன்றைப்பூ எழுதியது:

உங்கள் கை முந்தியதற்குக் கையைக் குறை சொல்லக் கூடாது என்பது என் கருத்து. வாய் பழகுவதற்கு முன்பே கை பழகினால் இப்படித்தான் ஆகும். எங்கள் வகுப்பில் 4 மாதம் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. தகிட, தகதிமி, தகதகிட என்று தாளம் போட்டபடி சொற்கட்டு சொல்வதுதான் பாடம்.

அந்த நாட்களில் ஒரு நாள், ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்புக்காகத் தகிட தகதிமி என்று வீட்டுக் கூடத்தில் கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். களைப்பில் தகதிமிக்குப் பின் மூச்சு வாங்கியது எனக்கே தெரியவில்லை. சமையலறை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, தலை நிமிராமலே, "ஏழுதானேடி கணக்கு, எட்டாவதை எங்கேருந்து கொண்டுவந்தே?" என்றாள். பாட்டி ஒரு நாளும் சங்கீதம் கற்றவள் அல்லள். கோயில் தவிலைக் கேட்டே வளர்ந்த காது அது. இன்றைக்கும் மிஸ்ர சாப்பு வாசிக்கும்போது கீரைக் காம்பு ஒடிபடும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இடக்கையாளன் எழுதியது:

வாயா, கையா என்ற விவாதம் எனக்கு இல்லை. எந்தக் கை என்பதுதான் என் கவலையாக இருந்தது. முதல் நாள் ஆசிரியர் எதுவும் கேட்காமல் மிருதங்கத்தைத் திருப்பி, வழக்கமாக வலக்கையால் வாசிக்கும் முகமான வலந்தலையை என் இடப்பக்கம் வைத்தார். மேடையில் வலந்தலை சபையை நோக்கியிருக்க வேண்டும், இவன் வாசித்தால் வயலின்காரர் இடம் மாற வேண்டியிருக்கும் என்று மூத்த மாணவர் ஒருவர் ஆட்சேபித்தார். "பழனி பிள்ளை எந்தக் கையால வாசிச்சார், தெரியுமா?" என்று மட்டும் ஆசிரியர் கேட்டார். புதுக்கோட்டை மிருதங்க வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஆனால் என்னைவிட்டு நீங்காதது அதற்கு அடுத்த நொடி. என் 'நம்' கட்டையாகவே விழுந்துகொண்டிருந்தது. கரணையின் (வலந்தலை நடுவிலுள்ள கருவட்டத்தின்) விளிம்பில் அழுந்திக் கிடந்த என் மோதிர விரலை ஆசிரியர் தம் இரு விரல்களால் பிடித்து, ஒரு மயிரிழை உயர்த்தி, "இப்ப மீட்டு" என்றார். சுட்டுவிரல் பட்டதும் எழுந்த நாதம் முழங்கைவரை அதிர்ந்தது. அது என் கையிலிருந்து வந்த ஒலி என்று நம்ப முடியவில்லை.

பழைய மாணவன் எழுதியது:

என் அனுபவம் சிறியது. பள்ளி விழாவில், வலந்தலைக்கு எதிர் முகமான தொப்பியில் ஒட்டிய ரவை உலர்ந்து, மூன்றாவது பாட்டின் நடுவில் உதிர்ந்துவிட்டது. தொம் கேட்க வேண்டிய இடத்தில் வெறும் தோலின் சத்தம் கேட்டது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ரவையை நீர் விட்டு நன்றாகப் பிசைந்து தொப்பியின் நடுவில் வட்டமாக ஒட்டுங்கள். வாசித்து முடித்ததும் வழித்தெடுத்து ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், காயவிட்டால் தோலே கெட்டுப்போகும். வாங்கும்போது யாருக்கு வாசிக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள்: தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம் ஏறக்குறைய 24 அங்குலம், ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கானது அதைவிடக் குட்டை. சுருதி சேர்க்கும்போது வலந்தலை விளிம்பின் தோல் பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே இடத்தில் தட்டாமல் எதிரெதிர் கண்களில் (வார் கோத்த இடங்களில்) மாற்றி மாற்றித் தட்டுங்கள். காலப்பிரமாணத்துக்கு, அதாவது வேகம் சீராக இருக்க, செல்பேசியில் தட்டொலி தரும் மெட்ரோனோம் வைத்துக்கொண்டால், காவிரிக்கரைக்கு நேர்ந்தது எவருக்கும் நேராது.

கொன்றைப்பூ எழுதியது:

கடைசி வாக்கியத்தை ஏற்க முடியவில்லை. மெட்ரோனோமின் எட்டுத் தட்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. எது லகுவின் (தொடக்க நான்கு எண்ணிக்கையின்) சுண்டுவிரல், எது துருதத்தின் வீச்சு என்று அது சொல்வதில்லை. தாளத்தைத் தொடையில் போட்டுப் பழகாதவருக்கு ஆவர்த்தனத்தில் தாம் நிற்கும் இடமே தெரியாது.

காவிரிக்கரை எழுதியது:

கொன்றைப்பூ சொன்னபடி நேற்றிரவு தொடையில் தாளம் போட்டு, வாயால் மட்டும் மூன்று காலமும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாங்காலத்தில் வாயும் முந்தியது. ஆனால் ஐந்தாவது முறை, முதல் துருதத்தின் தட்டு வரும் இடத்தில்தான் விரைவு கூடுகிறது என்பது சொல்லும்போது தெளிவாகத் தெரிந்தது. வாசித்த காலத்தில் எனக்கு அது ஒரு நாளும் பிடிபடவில்லை.

பரண்மேல் இருந்த மிருதங்கத்தையும் உறையிலிருந்து எடுத்தேன். கடைசி வகுப்பன்று நான் துடைக்காமல் விட்ட ரவை வட்டம் தொப்பியோடு காய்ந்து, தோலில் விரிசல் விட்டிருக்கிறது. ஸ்ரீரங்கம் பக்கம் தோல் மாற்றி நன்றாக மூட்டித் தருபவர் யாரையேனும் அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.