மங்கிப்போன நினைவை கிரிட்டாவில் வரைய உதவி தேவை

கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் வரையும் நண்பர்களே, ஒரு உதவி. காரைக்குடிப் பக்கம் இருந்த எங்கள் ஆயா வீட்டை கனவு போன்ற சர்ரியல் பாணியில் வரைகிறேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, ஆயா முகம்தான் பிடிபட மாட்டேன் என்கிறது. அதையே படமாக்க ஆசை: தரை துல்லியமாக, மேலே போகப் போகத் தூணும் ஆளும் தண்ணீராகக் கரைய வேண்டும்.

படத்தை மங்கலாக்கும் காசியன் பிளர் போட்டால் ஃபோகஸ் தவறிய போட்டோ மாதிரிதான் இருக்கிறது. ஒபாசிட்டியைக் குறைத்து ஊடுருவித் தெரிய வைத்தால் பேய்ப்படம்! படத்தை இழுத்து நெளிக்கும் லிக்விஃபை பரவாயில்லை, ஆனால் லேயரிலேயே (படத்தின் அடுக்கிலேயே) செய்தால் பிறகு திருத்த வழியில்லை. மூலப் படத்தைத் தொடாமல் மாற்றத்தைத் தனியாக வைக்கும் டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க்கில் செய்தாலோ, ஏ3 அளவு 300 டிபிஐ என்ற பெரிய கோப்பில் என் பழைய லேப்டாப் திணறுகிறது.

சின்ன அளவில் கரைத்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கினால் கல்லின் கோடுகள் கெடுமா? தெரிந்தவர்கள் உங்கள் லேயர் அடுக்கின் ஸ்கிரீன்ஷாட்டோடு சொன்னால் புண்ணியமாகப் போகும். ஃபோட்டோஷாப் வாங்கச் சொல்லாதீர்கள், கட்டுப்படியாகாது.