பிளைவுட் விளிம்பில் சிலும்பு எழாமல் வெட்டுவது எப்படி?

கேள்வி (பட்டர்வொர்த்): வணக்கம். வீட்டு சிஎன்சி இயந்திரத்தில் (கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம்) 6 மி.மீ. மெரந்தி பிளைவுட்டில் கோல வடிவங்களை வெட்டுகிறேன். மேல்விளிம்பில் நார் பிய்ந்து சிலும்பு எழுவதோடு, ஓரங்கள் கருகியும் போகின்றன. 3 மி.மீ. அப்கட் பிட் (சுழலும் வெட்டுக்கருவி), இரண்டு வெட்டுமுனை, நிமிடத்திற்கு 12,000 சுழற்சி, நிமிடத்திற்கு 400 மி.மீ. நகர்வு. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி (ஈப்போ சாலை, கோலாலம்பூர்): அப்கட் பிட் தூளை மேல்நோக்கி இழுக்கும்போது மேலடுக்கின் நாரையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது, ஆகவே தூளைக் கீழ்நோக்கித் தள்ளும் டவுன்கட் பிட்டுக்கு மாறுங்கள். கருகுவதற்குக் காரணம் நகர்வின் வேகமன்று, மந்தமே. உங்கள் கணக்கில் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 0.017 மி.மீ. மட்டுமே சீவுவதால், பிட் மரத்தை வெட்டாமல் தேய்த்துச் சூடேற்றுகிறது. இயந்திரத்தின் சட்டம் அதிராமல் தாங்குமானால் நகர்வைப் படிப்படியாக 1,000 வரை உயர்த்தி, ஒரு தடவை வெட்டுக்கு 1.5 மி.மீ. ஆழத்தோடு நிறுத்துங்கள்.

மறுமொழி (ஜெலுத்தோங், பினாங்கு): அண்ணன் சொன்னதோடு ஒன்று: டவுன்கட் பிட் தூளைப் பள்ளத்திலேயே அடைப்பதால், தூள் உறிஞ்சி இல்லாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். அடைந்த தூள் கனன்று, உறிஞ்சியின் தொட்டிக்குள் போய்த் தீப்பற்றக்கூடும். இயந்திரம் ஓடும்போது அறையை விட்டு அகல்வது (பலர் செய்வதுதான்) எனக்கு உடன்பாடில்லை. வெட்டி முடியும் துண்டு விடுபட்டுப் பிட்டில் சிக்காதிருக்க, வடிவத்தைச் சுற்றிச் சிறு இணைப்புகளை விட்டுவைத்துப் பிறகு அறுத்தெடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. டவுன்கட் பிட் வாங்கும்வரை நகர்வை மட்டும் உயர்த்திப் பார்க்கிறேன்.